எலி வெயிட் ஏறலையாம், அதுக்கு நமக்கென்ன?

இந்த மாசம் வந்த கேள்வியில பாதி ஒரே ஒரு வாட்ஸப் மெசேஜைப் பத்தி. "கொலஸ்ட்ரால் கூடுன எலிகளுக்கு மூலிகைப் பழ சப்ளிமென்ட் குடுத்தாங்க, எடை ஏறவே இல்ல, கொலஸ்ட்ராலும் இறங்கிடுச்சு"ன்னு ஒரு படம், கீழ ஒரு பாட்டில் படம், அதுக்கும் கீழ ஒரு போன் நம்பர். எனக்கே மூணு குரூப்ல வந்துச்சு, அதுல ஒண்ணு எங்க ப்ளாக் குரூப், லிஃப்ட் ரிப்பேர் பத்தி பேசுறதுக்குன்னு ஆரம்பிச்சது. புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. இங்க சிங்கப்பூர்ல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல 22 வருஷம் எலிக்கு சாப்பாடு போட்டு, கூண்டு கழுவி, எடை பார்த்து நோட்டுல எழுதுன ஆளு. அதனால எலின்னு ஒரு எழுத்து வந்தாலே எடிட்டர் என் பக்கம் தள்ளிடுவார்.

ஈசூன் வாசகி ஒருத்தர்: அக்கா, என் வீட்டுக்காரருக்கு 56 வயசு, 84 கிலோ. பாலிகிளினிக்ல ரத்தம் எடுத்துப் பார்த்ததுல எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 4.4ன்னு வந்து அதைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு வாரம் போட்டுட்டு நிறுத்திட்டார். இப்ப கொழுந்தனார் அந்த மெசேஜைப் பார்த்துட்டு கொடம்புளி, நெல்லிக்காய், கடுக்காய் சேர்த்த கேப்ஸ்யூல் பாட்டில் ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கார், 68 வெள்ளி. "எலிக்கே வேலை செஞ்சிருக்கு, இயற்கையானது, சைட் எஃபெக்டே கிடையாது, தொப்பையும் போயிடும்"ங்கிறார். மாத்திரைக்குப் பதிலா இதையே குடுக்கலாமா?

மாத்திரையை விட வேணாம்னு சொல்லுங்க, அதுக்கப்புறம் மீதியைப் படிங்க, ஏன்னா நான் எலி பத்தி பேச ஆரம்பிச்சா லேசுல நிறுத்த மாட்டேன்.

முதல்ல அந்த மெசேஜ்ல இருக்கிற வார்த்தையைப் பாருங்க. "எடை ஏறல". எடை குறைஞ்சுதுன்னு போடல. இந்த மாதிரி சோதனை எப்படி நடக்கும்னா, ஒல்லியான சின்ன வயசு எலிகளை எடுத்து, பெரும்பாலும் கறுப்பு எலி, ஒண்ணு 20, 25 கிராம் இருக்கும், அதுங்களை ரெண்டு கூட்டமா பிரிச்சு, ரெண்டுக்கும் ஒரே நாள்ல கொழுப்புத் தீனி ஆரம்பிப்பாங்க, ஒரு கூட்டத்துக்கு மட்டும் அதே நாள்ல இருந்து மூலிகையும் சேர்ந்து போகும். மூணு மாசம் கழிச்சு வெறும் தீனி தின்னது 40 கிராமைத் தாண்டி உருண்டையா உக்காந்திருக்கும், மூலிகை தின்னது 34, 35ல நிக்கும்னு வைங்க. உடனே "எடை ஏற்றத்தைத் தடுத்தது"ன்னு எழுதுவாங்க, அது சரிதான், பொய் இல்ல. ஆனா அந்த 35 கிராம் எலியும் ஆரம்பிச்ச இடத்தை விட குண்டாத்தான் இருக்கு. உங்க வீட்டுக்காரர் 84 கிலோவுல இருந்து ஆரம்பிக்கிறார். அவர் நிலைமை அந்தச் சோதனையில எந்தக் கூண்டுலயும் இல்லைங்க.

அப்புறம் அந்தத் தீனி. அதைக் கையில எடுத்துப் பார்த்திருந்தீங்கன்னா இந்த மெசேஜை ஃபார்வேர்டு பண்ணவே மாட்டீங்க. எங்களுக்கு வந்தது நீலக் கலர்ல இருக்கும், தப்பா வேற கூண்டுக்குப் போட்டுடக் கூடாதுன்னு சாயம் சேர்த்திருப்பாங்க. அதுல இருக்கிற சக்தியில நூத்துக்கு 60 பங்கு கொழுப்புல இருந்து வருது, அதுவும் முக்கால்வாசி பன்னிக் கொழுப்பு. விரல்ல பிசுக்கு ஒட்டும், ஃப்ரிட்ஜுல வெக்கலைன்னா காறல் வாடை வந்துடும். என் கூட வேலை செஞ்ச மலாய் அக்கா அந்த ரேக்கை மட்டும் என்னைப் பார்த்துக்கச் சொல்லிட்டு என்னோட மீன் தொட்டி டியூட்டியை எடுத்துக்குவாங்க, அப்படித்தான் நான் கொழுப்பு எலி ஸ்பெஷலிஸ்ட் ஆனேன். மனுஷன் யாரும், தேக்காவுல மூணு வேளையும் நெய்ப் பிராட்டா தின்னாக்கூட, அந்த அளவுக்குப் போறது கஷ்டம்.

அடுத்து நான் பார்த்த ஒரு விஷயம். ஒரு தடவை ஒரு காஞ்ச பழத்தோட பொடியைத் தீனியிலயே கலந்து குடுத்தாங்க. துவர்ப்பும் கசப்புமா இருக்கும், நான் நாக்குல வெச்சுப் பார்க்கலை, வாடையே போதும். ஒரு வாரம் கழிச்சு எடை பார்த்தா அந்தக் கூட்டம் ஏறவே இல்ல, படிக்க வந்திருந்த பொண்ணுக்கு ஒரே சந்தோஷம். தீனித் தட்டும் காலியாத்தான் இருக்கு, அப்ப நல்லா தின்னுதான் இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. எனக்கு சந்தேகம், கூண்டு மாத்தும்போது அடியில இருக்கிற மரத்தூளை வழக்கமா அப்படியே கொட்டிடுவோம், அன்னைக்கு மாவு சலிக்கிற மாதிரி சலிச்சேன். பொடிப் பொடியா தீனி! எலி கடிச்சுப் பார்த்துட்டு பிடிக்காம உதிர்த்துத் தள்ளியிருக்கு. அதாவது மருந்து கொழுப்பைக் கரைக்கலை, சாப்பாடு நல்லாயில்லைன்னு எலி பட்டினி கிடந்திருக்கு. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, அழுதுட்டு, அடுத்த தடவை மூணாவதா ஒரு கூட்டம் சேர்த்துச்சு, மூலிகை இல்லாத தீனியை மூலிகைக் கூட்டம் தின்ன அளவுக்கு மட்டும் அளந்து போடறது. அப்பதான் வித்தியாசம் மூலிகையாலயா, கம்மியா தின்னதாலயான்னு தெரியும். நிறைய சோதனையில இந்த மூணாவது கூட்டம் இருக்காது. தீனியில கலக்காம குழாய் வழியா நேரா வயித்துல விட்டா அந்தப் பிரச்சினை இல்லையேன்னு கேப்பீங்க, ஆனா தினம் கழுத்தைப் பிடிச்சு வாயில குழாய் விட்டா அந்தப் பயத்துலயே எலிக்கு எடை ஏறாது, அதனால மத்தக் கூட்டத்துக்கும் வெறும் தண்ணியை அதே மாதிரி குழாயில விட்டாகணும்.

இன்னொண்ணு, இது சிங்கப்பூர்க்காரங்களுக்கு சிரிப்பா இருக்கும். வெளிய ப்ளாக் கீழ்த்தளத்து வாய்ட் டெக்ல 31, 32 டிகிரி வேர்த்து வழியும், எலி ரூம்ல ஏசி 22ல. எலிக்கு சுகமான சூடு 30 கிட்ட. அதனால அதுங்க நாள் முழுக்க உடம்பைச் சூடு பண்ணிக்கவே தின்னதுல பெரும் பங்கைச் செலவழிக்குது. நாம மெசேஜ் பார்த்துட்டு சோபாவுல சாயறோம்.

கொலஸ்ட்ரால் கதை தனி. எலியோட ரத்தத்துல கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்டிஎல்லாத்தான் ஓடுது, நம்ம டாக்டர் "நல்லது"ன்னு சொல்வாரே அது. நம்ம உடம்புல எச்டிஎல்ல இருந்து கொலஸ்ட்ராலை எடுத்து எல்டிஎல் பக்கம் கைமாத்தி விடற ஒரு புரதம் இருக்கு, எலிக்கு அது கிடையாது. சாதாரண எலிக்கு மொத்த கொலஸ்ட்ராலே, இங்க ரிப்போர்ட்ல போடற கணக்குல, ரெண்டு சொச்சம்தான். அதனால ரத்தக்குழாய்ல கொழுப்பு படியற நோயை எலிகிட்ட பார்க்கறது கஷ்டம்னு, 1992ல ரத்தத்துல இருந்து கொலஸ்ட்ராலை அகற்ற உதவுற ஏபோஇ ஜீனை எடுத்துட்ட எலியை உருவாக்கினாங்க, அதுக்கு சாதா தீனியிலயே பத்துக்கு மேல போயிடும். "கொலஸ்ட்ரால் உள்ள எலி"ன்னு ஒரு வரியில போடறாங்களே, அது தீனியால ஏறுனதா, ஜீனை எடுத்ததாலயான்னே அந்த மெசேஜ்ல இல்ல.

இதுல ஒரு சுவாரஸ்யம் சொல்றேன். உங்க வீட்டுக்காரர் நிறுத்துன ஸ்டாட்டின் இருக்கே, அதோட முதல் வடிவத்தை ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒருத்தர் 1973ல கண்டுபிடிச்சார், ஆயிரக்கணக்கான பூஞ்சை, காளானைச் சலிச்சு, கடைசியில ஒரு பச்சைப் பூஞ்சையில. பழத்துல, அரிசியில பிடிக்குமே அந்த வகை. இயற்கை இயற்கைங்கறாரே கொழுந்தனார், இதை விட இயற்கை வேணுமா. அதை 'ரேட்'னு சொல்ற பெரிய ஜாதி வெள்ளெலிக்குக் குடுத்துப் பார்த்தா கொலஸ்ட்ரால் அசையவே இல்ல! கம்பெனிக்காரங்க தூக்கிப் போடற நிலைமை. அப்புறம் முட்டை போடற கோழிக்குக் குடுத்துப் பார்த்தாங்க, சரசரன்னு இறங்குச்சு, நாய்க்கும் இறங்குச்சு, அதுக்கப்புறம்தான் மனுஷனுக்கு வந்தது. அந்த வழியில வந்த முதல் மாத்திரை 1987ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்துச்சு. அன்னைக்கு வெள்ளெலி பேச்சை மட்டும் கேட்டிருந்தா இன்னைக்கு அந்த மாத்திரையே இல்ல. ஒரு பிராணி ஆமான்னு சொன்னாலும் இல்லன்னு சொன்னாலும், அடுத்து மனுஷன்கிட்ட கேட்டாகணும்.

கொடம்புளி விஷயத்துல மனுஷன்கிட்ட கேட்டாச்சு. அதுல இருக்கிற ஹைட்ராக்ஸி சிட்ரிக் ஆசிட்தான் சரக்கு. நாம தின்ன மாவு, சர்க்கரையில மிஞ்சுனதைக் கொழுப்பாவும் கொலஸ்ட்ராலாவும் மாத்தற வேலையில ஒரு என்சைம் நடுவுல நிக்குது, அதை இது பிடிச்சு நிறுத்தும். எலி அந்த வேலையை நிறைய செய்யும், அதனால எலிகிட்ட நல்லா தெரியும். மனுஷன் நேரா கொழுப்பாவே நிறைய தின்னுடறதால அவ்வளவு செய்யறதில்ல. 1998ல அமெரிக்காவுல 135 பேரை வெச்சு 12 வாரம் பார்த்தாங்க, ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே டயட், ஒண்ணுக்கு தினம் 1500 மில்லிகிராம் அந்த ஆசிட், இன்னொண்ணுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஆசிட் கூட்டம் 3.2 கிலோ குறைஞ்சுது. வெறும் மாத்திரை கூட்டம் 4.1 கிலோ! புள்ளிவிவரப்படி ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லன்னு எழுதினாங்க. டயட்டுதான் வேலை செஞ்சிருக்கு.

சைட் எஃபெக்ட் இல்லைன்னு சொன்னாரா? 2013ல கொரியாக்காரங்க கொழுப்புத் தீனி எலிக்கு 16 வாரம் கொடம்புளி சாறு குடுத்துப் பார்த்தாங்க. வயித்துக் கொழுப்பு குறைஞ்சுதுதான், ஆனா ஈரல்ல தழும்பு மாதிரி நார் படிஞ்சு வீக்கம் வந்திருந்துச்சு. பாதி ரிசல்ட்டை மட்டும் படம் போட்டா "அற்புதம்"னு தான் தெரியும். 2009ல அமெரிக்காவுல ஹைட்ராக்ஸிகட்னு ஒரு மெலியற மாத்திரை வகையை எஃப்டிஏங்கற அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்தச் சொல்லுச்சு, 23 பேருக்கு ஈரல் பிரச்சினைன்னு புகார், ஒருத்தர் உயிரே போயிடுச்சு, அந்த வகையில சிலதுல இந்தச் சாறும் சேர்ந்திருந்துச்சு.

இப்ப செய்ய வேண்டியது. அவர் ஏன் மாத்திரையை நிறுத்தினார்னு சண்டை போடாம கேளுங்க. காலு வலின்னு நிறுத்தறவங்க நிறைய, ஆம்பளைங்க அதை டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டாங்க, பொண்டாட்டிகிட்டயும் சொல்ல மாட்டாங்க. அப்படின்னா டோஸ் குறைக்கலாம், வேற ஸ்டாட்டின் மாத்தலாம், ஸ்டாட்டினே ஒத்துக்காதவங்களுக்கு வேற மாத்திரையும் இருக்கு. வேடிக்கை என்னன்னா, கொடம்புளி பிடிக்கப் பார்க்கிற அதே என்சைமைப் பிடிக்கிற பெம்பெடோயிக் ஆசிட்னு ஒரு மருந்து 2020ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிடுச்சு, கிட்டத்தட்ட 14,000 பேர்கிட்ட சோதிச்சு, மாரடைப்பு மாதிரி பெரிய பிரச்சினைங்க 13 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2023ல காட்டிட்டாங்க. ஆக யோசனை தப்பில்ல. பாட்டில்ல இருக்கிறதுதான் அந்த வேலையைச் செஞ்சு காட்டலை. பாட்டிலை அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு எடுத்துட்டுப் போய் டாக்டர் மேசை மேல வைங்க, லேபிளை அவங்களே படிக்கட்டும். கொழுந்தனார்கிட்ட 68 வெள்ளியைத் திருப்பி வாங்க முடியுமான்னு எனக்குக் கேக்கத் தெரியல.

செங்காங் தம்பி ஒருத்தர்: ஒரு ஆராய்ச்சியில எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 250 மில்லிகிராம் மூலிகைன்னு போட்டிருக்கு. நான் 70 கிலோ. அப்ப தினம் 17.5 கிராம் பொடி, டீஸ்பூன்ல ஆறு கிட்ட வருது. கணக்கு சரியா?

பெருக்கல் சரி தம்பி, கணக்கு தப்பு. எலியோட இதயம் நிமிஷத்துக்கு 500, 600 தடவை அடிக்குது, சின்ன உடம்பு, எல்லாத்தையும் வேகமா எரிச்சு வெளிய தள்ளிடும். அதனால எலி டோஸை அப்படியே கிலோவுக்குக் கிலோ போடக் கூடாது, 12.3ஆல வகுக்கணும்னு அமெரிக்க எஃப்டிஏ 2005ல போட்ட வழிகாட்டியில இருக்கு. உங்களுக்கு அது ஒன்றரை கிராமுக்கும் கொஞ்சம் கம்மியா வரும். ஆனா அவசரப்பட்டு அதையும் அளந்து வாயில போட்டுடாதீங்க, அந்தக் கணக்கு புது மருந்தை முதல் தடவையா மனுஷனுக்குக் குடுக்கும்போது எவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு பார்க்கறதுக்கு, அதுலயும் இன்னும் பத்துல ஒரு பங்கா குறைச்சுத்தான் ஆரம்பிப்பாங்க. இவ்வளவு சாப்பிட்டா மெலிவேன்னு சொல்ற கணக்கு இல்ல அது. அதோட லேப்ல பயன்படுத்தறது ஆல்கஹால்லயோ தண்ணியிலயோ ஊற வெச்சு சுண்டக் காய்ச்சுன சாறு, நீங்க கேம்பல் லேன்ல வாங்கறது இடிச்ச பொடி. ரெண்டும் பேர்ல மட்டும்தான் ஒண்ணு.

உட்லண்ட்ஸ் வாசகர், 71 வயசு: இருபது வருஷமா ராத்திரி வெந்நீர்ல திரிபலா போட்டுக் குடிக்கிறேன். எலி ஆராய்ச்சியிலயும் எடை குறைஞ்சதுன்னு என் மகன் காட்டினான். நீங்க எழுதறதைப் பார்த்தா நம்ம முன்னோர் சொன்னது எல்லாம் சும்மாவா?

ஐயா, கோவிச்சுக்காதீங்க, நானும் ஊர்ல பாட்டி கையால கடுக்காய் கஷாயம் குடிச்சு வளர்ந்தவதான். நெல்லி, கடுக்காய், தான்றி மூணும் சேர்ந்தது திரிபலா. உங்க மகன் காட்டுனது 2012ல நம்ம இந்தியாவுல செஞ்சதா இருக்கலாம், கொழுப்புத் தீனி எலிக்கு 10 வாரம் திரிபலாவும், மூணு காயையும் தனித்தனியாவும் குடுத்துப் பார்த்தாங்க, எடையும் கொழுப்பும் கெட்ட கொலஸ்ட்ராலும் கம்மியா இருந்துச்சு. அதை நான் மறுக்கலை. எலியோட அந்த 10 வாரத்தை வெச்சு உங்க கொலஸ்ட்ராலுக்கு முடிவு கட்டக் கூடாதுங்கறேன், அவ்வளவுதான்.

முன்னோர் என்ன சொன்னாங்கன்னு பாருங்களேன். காலையில இஞ்சி, கடும்பகல்ல சுக்கு, மாலையில கடுக்காய்னாங்க, வயிறு நல்லா இருக்கணும்னு. உங்களுக்கும் அது காலையில சுகமா போகறதுக்குத்தானே உதவுது? அதுக்குக் குடிக்கிறீங்க, தாராளமா குடிங்க. அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி குடுத்தது ஆயுசுக்கு, இடுப்புச் சுத்தளவுக்கு இல்ல. அதே முன்னோர்தான் "கடுக்காய்க்கு அகணி நஞ்சு, சுக்குக்குப் புறணி நஞ்சு"ன்னு, கொட்டையை எடுத்துட்டுத் தோலை மட்டும் சேர்க்கணும்னு பக்குவமும் சொன்னாங்க. இப்ப கேப்ஸ்யூலுக்குள்ள கொட்டையும் சேர்த்து அரைச்சிருக்கானா, யார் பார்த்தா. ஏமாத்தறதுக்கு நம்ம ஆளுங்க "கடுக்காய் குடுத்துட்டான்"னு சொல்றது சும்மாவா வந்துச்சு.

ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. யாரோ ஊர்ல இருந்து லேபிள் இல்லாத கவர்ல கொண்டு வர்ற பொடி வேணாம். 2004ல பாஸ்டன் பக்கம் கடையில வித்த 70 ஆயுர்வேத மருந்தை வாங்கிச் சோதிச்சதுல 14ல ஈயம், பாதரசம், ஆர்சனிக்னு ஏதோ ஒண்ணு இருந்துச்சு. அப்புறம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை ஏதாவது எடுக்கறீங்கன்னா திரிபலா குடிக்கிறதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. "அது மருந்தில்லையே"ன்னு விட்டுடாதீங்க, கேக்காம சொல்லுங்க.

பெயர் போட வேணாம்னு எழுதின வாசகி: என் ரிப்போர்ட்ல எல்டிஎல் 4.4, திருச்சியில எங்க அண்ணனுக்கு 170. அவரு பயந்து போய் அந்த கேப்ஸ்யூலை ஆர்டர் பண்ணிட்டாரு. எனக்குத்தான் கம்மின்னு நான் நிம்மதியா இருக்கேன்.

நிம்மதி வேணாம் தங்கச்சி, ரெண்டும் ஒண்ணுதான். இங்க மில்லிமோல் கணக்கு, ஊர்ல மில்லிகிராம் கணக்கு. 4.4ஐ 38.67ஆல பெருக்குங்க, 170 வரும். அண்ணனுக்கு போன் போட்டு கேப்ஸ்யூலை கேன்சல் பண்ணச் சொல்லுங்க, ரெண்டு பேரும் டாக்டரைப் பாருங்க.

தேக்கா பக்கம் கடை வெச்சிருக்கிற ஒருத்தர்: பம்பளிமாஸ் சாப்பிட்டா கொழுப்பு கரையுமாமே? சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர் குடுத்தது ரெண்டு கிடக்கு. நானும் கொலஸ்ட்ரால் மாத்திரை போடறவன்.

நல்ல வேளை மாத்திரையைச் சொன்னீங்க. பம்பளிமாஸோட சொந்தக்காரன் கிரேப்ஃப்ரூட்டை வெச்சு 2014ல கலிபோர்னியாவுல ஒரு எலிச் சோதனை, கொழுப்புத் தீனியோட தண்ணிக்குப் பதிலா அந்த ஜூஸ் குடிச்ச எலி 18 சதவீதம் கம்மியா எடை ஏறுச்சுன்னாங்க. காசு குடுத்தது கிரேப்ஃப்ரூட் விவசாயிங்க கூட்டுறவு சங்கம், அதை அவங்களே வெளிப்படையா சொன்னாங்க, மறைக்கலை, ஆனா தெரிஞ்சுக்கணும் இல்லையா. விஷயம் அதில்ல. அந்தப் பழத்துல இருக்கிற ஒரு பொருள் நம்ம குடல்ல மருந்தை உடைக்கிற என்சைமை முடக்கிடும், அதனால சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் மாதிரி மாத்திரை ரத்தத்துல தேவைக்கு மேல ஏறி சதை வலி, மோசமா போனா சதையே சிதையற வரைக்கும் போகலாம். பம்பளிமாஸ்லயும் அந்தப் பொருள் இருக்கு. ரோசுவாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை இல்ல. உங்க மாத்திரை டப்பாவுல என்ன பேருன்னு பார்த்து மருந்தாளர்கிட்ட கேட்டுட்டு உரிங்க, அது வரைக்கும் கல்லாப் பக்கத்துல அழகுக்கு இருக்கட்டும்.

ஜூரோங் வாசகி: கவர்மென்ட் அனுமதி இல்லாமலா கடையில விக்கிறாங்க? நீங்க வீணா பயமுறுத்துறீங்க.

நிறைய பேர் இப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க. இங்க மருந்துக்கு சுகாதார அறிவியல் ஆணையத்தோட முன் அனுமதி வேணும். சப்ளிமென்ட்டுக்கு அந்த மாதிரி முன் அனுமதி கிடையாது, பாதுகாப்பா இருக்குன்னு பார்த்துக்க வேண்டியது இறக்குமதி பண்றவங்க, விக்கிறவங்க பொறுப்பு. நோயைக் குணப்படுத்தும்னு சொல்லி விக்கக் கூடாது, அதனாலதான் லேபிள்ல அடக்கி வாசிச்சுட்டு வாட்ஸப்ல சத்தமா பேசறது. ஆணையம் கடையில இருக்கிறதை அப்பப்ப எடுத்துச் சோதிக்கும், மெலியற கேப்ஸ்யூலுக்குள்ள பசியை அடக்கற சிபுட்ராமின் கலந்திருக்குன்னு எத்தனை தடவை எச்சரிக்கை விட்டிருக்காங்க, 2010லயே இதயத்துக்கு ஆகாதுன்னு விலக்குன மருந்து அது.

2002 ஞாபகம் இருக்கா உங்களுக்கு? ஸ்லிம் 10னு ஒரு மாத்திரை. நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்கு ஈரல் செயலிழந்து போச்சு, அவரை கல்யாணம் பண்ண இருந்த பியர் பிங் தன் ஈரல்ல ஒரு பாகத்தைக் குடுத்துக் காப்பாத்தினார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண்மணி பிழைக்கலை. அதுக்குள்ள பசியை அடக்கற ஃபென்ஃப்ளூரமின் வகை மருந்து இருந்துச்சு. எங்க லேப்ல அப்ப எல்லாரும் அதையேதான் பேசிட்டிருந்தோம், என் தோழி ஒருத்தி பையில இருந்த டப்பாவை எடுத்து பேசாம குப்பையில போட்டது இன்னும் கண்ணுல நிக்குது. நான் பயமுறுத்தறதா இருந்தா இருக்கட்டும்.

அதே வாசகி, ரெண்டாவது கேள்வி: இத்தனை எலியைக் கொடுமைப்படுத்திட்டு இப்ப எலி ஆராய்ச்சியை நம்பாதேங்கறீங்களே?

நம்பாதேன்னு சொல்லலைங்க, எலி சொன்னதை எலி சொன்ன அளவுக்கு மட்டும் கேளுங்கறேன். கொடுமைன்னு கேட்டது நியாயமான கேள்விதான். 2004ல இருந்து இங்க விதிமுறை இருக்கு, எலி இல்லாம செய்ய முடியுமா, கம்மி எலியில செய்ய முடியுமா, வலி குறைச்சுச் செய்ய முடியுமான்னு கமிட்டி கேட்டு, பதில் சரியா இருந்தாத்தான் ஒரு கூண்டு கூட குடுப்பாங்க. ஆனாலும் முதல் வருஷம் எனக்கு வீட்டுக்கு வந்தா சோறு இறங்காது. 14ஆம் நம்பர் கூண்டுல ஒரு எலி, காதுல துளை போட்ட அடையாளம் இருக்கும், எடை பார்க்கற குவளையில வெச்சதும் ஆடாம அசையாம உக்காந்துக்கும், மத்ததெல்லாம் தாவும். அதோட எடையை எழுதும்போது மட்டும் என் எழுத்து ஒழுங்கா இருக்கும். அந்த நம்பரை எவனோ வெட்டி ஒட்டி போன் நம்பரோட விக்கிறான்னா எனக்குத்தாங்க முதல்ல கோவம் வரும்.

பொத்தோங் பாசிர் வாசகி: மலபார் மீன் குழம்புக்கு நான் கொடம்புளிதான் போடுவேன். இனிமே போடலாமா?

அய்யோ, போடுங்க! குழம்புல ரெண்டு மூணு துண்டு, அதுவும் நாலு பேருக்கு. கேப்ஸ்யூல்ல பெரும்பாலும் இருக்கிறது அந்த ஆசிட் அதிகமா இருக்கற கெட்டிச் சாறு, அதுவும் தினம். குழம்பு குடிச்சு ஈரல் போனதா கேரளாவுல யாரும் சொல்லலை, குழம்பு குடிச்சு மெலிஞ்சதாவும் சொல்லலை. கிடைக்கலைன்னா தேக்கா மார்க்கெட்ல மலாய்க் கடையில அசாம் கெப்பிங்னு கேளுங்க, மெல்லிசா பழுப்பா காஞ்ச சீவல், கொடம்புளியோட தம்பி முறை, அசாம் பெடாஸுக்குப் போடறது. புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், அதனால ஒரு துண்டு குறைச்சு, வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊற வெச்சு அந்தத் தண்ணியோட ஊத்துங்க. மீன் இறக்குனதும் சீவலை எடுத்துடுங்க, விட்டுட்டா ராத்திரிக்குள்ள குழம்பு பல்லு கூசற அளவுக்குப் புளிச்சுடும்.